அந்நியர் அழைத்தால் மணி அடிக்கக் கூடாது

அம்மாவின் கைப்பேசிக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் முகம் தெரியாதவர்களுடையவை. கடன் வேண்டுமா, காப்புறுதி எடுக்கிறீர்களா, தண்ணீர் வடிகட்டியை மாற்றித் தரட்டுமா என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். உங்கள் பெயரில் வந்த பார்சல் சுங்கத்துறையில் நிற்கிறது, விவரத்துக்கு ஒன்பதை அழுத்துங்கள் என்று மலாயில் சொல்லும் பதிவுக் குரல் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது ரகம்தான் எனக்குப் பயம். இங்கே மலேசியாவில் மக்காவ் மோசடி என்று சொல்லப்படும் தொலைபேசி ஏமாற்று இப்படித்தான் ஆரம்பிக்கும். ஒன்பதை அழுத்தினால் ஒருவர் பேசுவார். அவர் 'போலீஸ் அதிகாரி'யிடம் இணைப்பைக் கொடுப்பார். அந்த அதிகாரி உங்கள் பெயரில் கைது ஆணை இருக்கிறது என்பார், வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது என்பார், கடைசியில் 'விசாரணை முடியும் வரை' பணத்தை ஒரு கணக்குக்கு மாற்றச் சொல்வார். பேராயில் எங்களுக்குத் தெரிந்த குடும்பத்திலேயே ஓய்வூதியப் பணம் இப்படிப் போயிருக்கிறது. பணத்தைக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

தெரியாத எண் எல்லாவற்றையும் ஒரேயடியாக அடைத்துவிடலாமே என்று தம்பி சொன்னான். அதற்கும் வழியில்லை. அம்மா கண்புரை அறுவை சிகிச்சைக்காகப் பினாங்குப் பொது மருத்துவமனையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். தேதி கிடைத்தால் தாதி போனில்தான் கூப்பிடுவார். அந்த ஒரு அழைப்பு தவறினால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். ஆக, வேண்டாதவர்கள் சத்தமில்லாமல் போக வேண்டும், வேண்டிய ஒரு அந்நியர் மட்டும் எப்படியாவது வந்து சேர வேண்டும். இதைச் செய்து முடிக்க எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. வயதான பெற்றோருக்குப் போன் வாங்கிக் கொடுத்திருக்கும் எல்லாருக்கும் உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், வந்த எண்களை ஒவ்வொன்றாக பிளாக் செய்வது. இதனால் பெரிய பயன் இல்லை. ஒரே கும்பல் நாளுக்கு ஓர் எண்ணில் கூப்பிடும். இணையம் வழியாக அழைப்பவர்கள் திரையில் தெரியும் எண்ணையே மாற்றிக் காட்ட முடியும். இன்று 03ல் ஆரம்பிக்கும் எண், நாளை 011. பிளாக் பட்டியல் நீண்டுகொண்டே போகும், அழைப்பு குறையாது. விடாமல் கூப்பிடும் ஒரே விற்பனையாளருக்கு வேண்டுமானால் இது சரி.

அடுத்தது பலரையும் குழப்பும் ஓர் அமைப்பு. அம்மாவுடையது சாம்சுங். போன் செயலியில் மூன்று புள்ளியைத் தொட்டு, செட்டிங்ஸ், பிளாக் நம்பர்ஸ் என்று போனால், அன்னோன் எண்களைத் தடுக்க ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் தெரியாதவர்கள் எல்லாம் அடைபட்டுவிடுவார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆண்ட்ராய்டில் அது தடுப்பது எண்ணை மறைத்துக்கொண்டு அழைப்பவர்களை மட்டும்தான். எண் தெரிகிற அழைப்பு, நம் தொடர்புப் பட்டியலில் இல்லாவிட்டாலும் வழக்கம்போல் வந்து மணி அடிக்கும். போட்டு வைப்பதில் நட்டமில்லை, ஆனால் அதை நம்பி இருந்துவிட முடியாது.

அதே இடத்தில் அழைப்பவர் அடையாளமும் ஸ்பேம் பாதுகாப்பும் என்று இன்னொன்று உண்டு. பலர் புகார் செய்த எண் என்றால் திரையிலேயே எச்சரிக்கை காட்டும். கூகுளின் போன் செயலியிலும் இதுபோன்ற வடிகட்டி இருக்கிறது. இதை உடனே போடுங்கள். புதிதாகக் கிளம்பிய எண்ணை அது அறியாது, அவ்வளவுதான் குறை. வெளியிலிருந்து தனிச் செயலி ஒன்றை இறக்கச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். அது அம்மாவின் தொடர்புப் பட்டியல் முழுவதையும் பார்க்க அனுமதி கேட்டது. அந்தப் பட்டியலில் இருக்கும் கோயில் குருக்களும் சின்னம்மாவும் தங்கள் எண்ணை யாரோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்கச் சம்மதம் சொல்லவில்லை. அதனால் நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

இந்த இடத்தில்தான் யோசனையைத் திருப்பிப் போட்டேன். யாரைத் தடுப்பது என்று தேடினால் முடிவே இருக்காது. யாருக்கு மணி அடிக்க வேண்டும் என்று மட்டும் முடிவு செய்தால் வேலை சின்னது. அம்மாவைக் கூப்பிட வேண்டியவர்கள் ஒரு கைப்பட எழுதிய தாளில் அடங்கிவிடுகிற அளவுதான்.

இதற்குப் போனின் சத்தங்களை அடக்கி வைக்கும் டு நாட் டிஸ்டர்ப் என்ற அமைப்பு இருக்கிறது. தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களின் அழைப்பை மட்டும் அனுமதி என்று அதில் சொல்லிவிடலாம். ஒரே எண்ணிலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் மணி அடிக்க விடும் வசதியும் ஆண்ட்ராய்டில் உண்டு. அவசரத்துக்கு அழைப்பவர் எப்படியும் திரும்பக் கூப்பிடுவார் அல்லவா, நல்ல ஏற்பாடு. ஆனால் அம்மாவுக்கு இது ஒத்துவரவில்லை. அழைப்போடு சேர்த்து வாட்ஸ்அப் குரல் பதிவு வரும் சத்தமும் அடங்கிவிட்டது. பேரன் அனுப்பும் குரல் பதிவு கேட்காமல் போனால் அம்மாவுக்குப் போன் இருந்தும் இல்லாததுபோல்தான். ஒவ்வொரு செயலிக்கும் விலக்குக் கொடுக்கலாம். அப்புறம் தெரியாமல் எங்காவது கைபட்டு அது மாறிவிட்டால் அம்மாவால் சரிசெய்ய முடியாது.

கடைசியில் கைகொடுத்தது மிகப் பழைய ஒரு வழி. போனின் பொதுவான ரிங்டோனை சைலன்ட் என்று வைத்துவிடுங்கள். ரிங்டோன் பட்டியலிலேயே அது இருக்கும். மணி அடிக்கும்போது அதிர்வதையும் அணைத்துவிடுங்கள். பிறகு தொடர்புப் பட்டியலில் வேண்டியவர் பெயரைத் திறந்து, திருத்து, வியூ மோர் என்று போய் அவருக்குத் தனி ரிங்டோன் கொடுங்கள். தனி ரிங்டோன் உள்ளவர் அழைத்தால் சத்தம் வரும். மற்ற எவர் அழைத்தாலும் திரை மட்டும் ஒளிர்ந்து அடங்கும், தவறிய அழைப்பாகப் பதிவாகும். செய்திகளின் சத்தம் வழக்கம்போல் கேட்கும்.

ஒரு சிக்கல் வந்தது. சிலர் பெயரைத் திறந்தால் ரிங்டோன் என்ற இடமே இல்லை. அந்தப் பெயர்கள் எல்லாம் சிம் கார்டில் இருந்தவை. பழைய நோக்கியா காலத்திலிருந்து அந்த சிம்மோடு கூடவே வந்தவை. சிம்மில் பெயரும் எண்ணும்தான் நிற்கும், ரிங்டோனுக்கு அங்கே இடமில்லை. எல்லாவற்றையும் போனுக்கு மாற்றிய பிறகுதான் வேலை நடந்தது.

ஒரு மாலை நேரம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதைச் செய்தோம். 'பட்டர்வொர்த் தங்கச்சி', 'கேஸ்காரர்', 'மீன் அப்பு', 'கோயில் ஆபீஸ்' என்று பட்டியல் முழுவதும் அம்மாவின் பெயர்சூட்டல். ஒவ்வொன்றாகப் படித்தேன். "இவருக்கு மணி வேணுமாம்மா?" என்று கேட்பேன், அம்மா யோசித்துப் பதில் சொல்வார். "மீன்காரருக்கு வேணும். சனிக்கிழமை காலையில கூப்பிடுவாரு." பிள்ளைகளுக்கு ஒரு மெட்டு, உறவினர்களுக்கு வேறொன்று என்று அம்மாவே தேர்ந்தெடுத்தார். மருத்துவமனைக்கு மட்டும் பழைய வீட்டுத் தொலைபேசி போல் கிர்ரென்று அடிக்கும் மணி. அடுக்களையில் தாளிக்கும் சத்தத்தையும் மீறிக் கேட்குமாம். இந்த வேலையை அவரை வைத்துக்கொண்டே செய்ததில் ஒரு நன்மை, போன் ஏன் இனி அடிக்கடி அடிக்காது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. நாம் வாங்கிக்கொண்டு போய் எதையோ செய்து திருப்பிக் கொடுத்தால், போன் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

மருத்துவமனைக்கு மணி வைத்தாயிற்று, ஆனால் எந்த எண்ணுக்கு? அடுத்த முறை பரிசோதனைக்குப் போனபோது கண் சிகிச்சைப் பிரிவின் முகப்பில் நேராகக் கேட்டேன்: தேதி சொல்ல எந்த எண்ணிலிருந்து கூப்பிடுவீர்கள்? அங்கிருந்த தாதி கொஞ்சமும் சலித்துக்கொள்ளவில்லை. அம்மாவின் சந்திப்பு அட்டையின் பின்புறத்தில் 04ல் ஆரம்பிக்கும் இரண்டு எண்களை எழுதினார். சில நேரம் பணியில் இருப்பவர் தன் கைப்பேசியிலிருந்தும் அழைப்பார் என்றார். கைப்பேசி எண்ணை முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியாதே. அதனால் கோப்பில் இரண்டாவது தொடர்பு எண்ணாக என் எண்ணைச் சேர்க்கச் சொன்னேன். அலுவலக நேரத்தில் நான் தெரியாத அழைப்பையும் எடுப்பேன், அம்மா எடுக்க வேண்டியதில்லை. பிறகு தேதி என் எண்ணுக்குத்தான் வந்தது, அதுவும் ஒரு கைப்பேசியிலிருந்து. அறுவை நல்லபடியாக முடிந்தது. இந்த ஏற்பாடு எல்லாவற்றிலும் மிக உதவியது அந்த முகப்பில் கேட்ட கேள்விதான் என்பேன்.

அம்மாவுக்கு ஒரு பழக்கமும் ஏற்படுத்தினோம். காலைப் பசியாறலுக்குப் பிறகும் மாலையிலும் தவறிய அழைப்புகளைப் பார்ப்பார். தெரியாத எண்ணுக்குத் திரும்ப அழைக்க மாட்டார். வங்கி என்று சந்தேகம் வந்தால் வங்கி அட்டையின் பின்னால் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நாமே அழைக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும், போனின் அமைப்பு அதைக் கட்டுப்படுத்தாது. செட்டிங்ஸ், பிரைவசி, கால்ஸ் என்று போனால் தெரியாத அழைப்பாளர்களை அமைதியாக்கும் வசதி இருக்கிறது. 2023ல் வந்தது. அதே பிரைவசி பகுதியில் குரூப்ஸ் என்பதையும் மை கான்டாக்ட்ஸ் என்று மாற்றுங்கள். இல்லையென்றால் முதலீட்டுக் குழு என்று யாராவது இழுத்துப் போட்டுவிடுவார்கள்.

என்னுடையது ஐபோன். அதில் 2019ல் வந்த ஐஓஎஸ் 13 முதலே தெரியாதவர்களை அமைதியாக்கும் பொத்தான் உண்டு. தொடர்பில் உள்ளவர்களும் நாம் அண்மையில் அழைத்தவர்களும் மட்டும் மணி அடிப்பார்கள். நாம் அவசர எண்ணுக்கு அழைத்திருந்தால் அடுத்த 24 மணி நேரத்துக்கு இது தானாக விலகிக்கொள்ளும், மீட்புக் குழு திரும்ப அழைக்க வேண்டியிருக்குமே. யோசித்துச் செய்திருக்கிறார்கள். நான் இரவில் போட்டுவிட்டுக் காலையில் எடுத்துவிடுகிறேன்.

இன்னொன்றையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பார்சல் கொண்டுவருபவர் போலவோ போன் நிறுவனத்தவர் போலவோ பேசி, நட்சத்திரக் குறியோடு சில எண்களை அழுத்தச் சொல்வார்கள். அழுத்தினால் நமக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அவர்கள் எண்ணுக்குத் திரும்பிவிடும். *#21# அழுத்திப் பார்த்தால் அழைப்புகள் வேறெங்காவது திருப்பப்படுகின்றனவா என்று தெரியும். ##002# எல்லாத் திருப்பல்களையும் நீக்கிவிடும். குரலஞ்சல் வைத்திருப்பவர்களுக்கு அதுவும் சேர்ந்து போய்விடும், பிறகு மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

விற்பனை அழைப்புகளுக்குச் சட்டமே வழி தருகிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு ஆதங்கம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, அதாவது சட்டம் 709, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 43ஆம் பிரிவின்படி, என் விவரங்களை நேரடி விற்பனைக்குப் பயன்படுத்தாதே என்று எந்த நிறுவனத்துக்கும் நாம் எழுத்து மூலம் சொல்லலாம். கேட்காவிட்டால் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் போகலாம். ஆணையர் உத்தரவிட்டும் பணியாத நிறுவனத்துக்கு 200,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. அம்மாவை விடாமல் அழைத்த ஒரு காப்புறுதி நிறுவனத்துக்கு மலாயில் நாலு வரி எழுதினேன்: பெயர், எண், எந்தப் பிரிவின் கீழ் கேட்கிறேன், எதை நிறுத்த வேண்டும். மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது, அழைப்பும் நின்றது. மோசடிக்காரனுக்குக் கடிதம் எழுத முடியாது, உண்மைதான். ஆனால் முகவரி உள்ளவர்கள் நின்றாலே அழைப்புகள் கணிசமாகக் குறைகின்றன.

சந்தேகமான எண்ணையோ வங்கிக் கணக்கையோ போலீஸ் துறையின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். அதில் புகார் இல்லை என்று வந்தால் இன்னும் யாரும் புகார் செய்யவில்லை என்றுதான் பொருள், அதை நம்பிப் பணம் அனுப்பிவிடக் கூடாது. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 997க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையம் அது. போலீசும் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் தொடர்புத்துறை ஆணையமும் அதில் சேர்ந்து செயல்படுகின்றன. பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவும் முன் முடக்கப் பார்ப்பார்கள், ஆகவே உறவினரிடம் யோசனை கேட்பதை எல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கணக்கிலிருந்து, எந்தக் கணக்குக்கு, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அதை முடித்துவிட்டுப் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுங்கள்.