ஷூ போடச் சொன்னா முதல்ல ஷூ வரைக்கும் போய்ச் சேரணும்ல

காலைல மணி ஏழே முக்கால். "ஷூவ போடுப்பா, கெளம்பணும்"னு பையன்கிட்ட சொல்லிட்டு நான் உள்ள போய் சட்டை மாட்டிக்கிட்டு இருக்கேன். "சரிப்பா"ன்னு பதில் வேற கணீர்னு வந்துச்சு. பத்து நிமிஷம் கழிச்சு வந்து பாத்தா ஒரு கால்ல பாதி சாக்ஸ், இன்னொரு சாக்ஸ கைல மாட்டி அதுக்கு வாய் மாதிரி பண்ணி, அந்த வாய் தரையில போற எறும்பு வரிசைகிட்ட "எல்லாரும் எங்க கெளம்பிட்டீங்க"ன்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கு. ஷூ ரெண்டடி தள்ளி அதுபாட்டுக்கு கெடக்கு.

முன்னாடியெல்லாம் இந்த எடத்துல எனக்கு சுர்ருன்னு ஏறும். எத்தன தடவ சொல்றது, காது கேக்குதா இல்லையான்னு ஆரம்பிச்சா ஸ்கூல் கேட் வர்ற வரைக்கும் வாய் ஓயாது. தலைய தொங்கப்போட்டுக்கிட்டு அவன் உள்ள போறத பாத்துட்டு வந்தா அன்னைக்கு பூரா எனக்கும் வேலை ஓடாது.

அவனுக்கு இப்ப 9 வயசு. ஏடிஹெச்டின்னு, அதாவது கவனம் ஒரு எடத்துல நிக்காம போறது, துறுதுறுப்பு, அவசரம், இதெல்லாம் வயசுக்கு மீறி இருக்கற பிரச்சனைன்னு, டாக்டர் சொல்லி ரெண்டு வருஷம் ஆகப்போகுது. தெரிஞ்சவங்க நாலஞ்சு பேர் "நீங்க என்னதான் பண்றீங்க"ன்னு கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி மாளல, அதான் எழுதிடலாம்னு. நான் டாக்டரும் இல்ல, சைக்காலஜி படிச்சவனும் இல்ல, அவனோட அப்பன், அவ்ளோதான்.

டாக்டர்கிட்ட போறப்ப ரத்தம் எடுப்பாங்க, ஸ்கேன் எடுப்பாங்கன்னு நெனச்சுட்டு போனேன். அப்படி ஒரு டெஸ்ட்டே இதுக்கு கெடையாதாம். எங்ககிட்ட ஒரு கேள்வித்தாள், டீச்சர்கிட்ட குடுக்க ஒரு கேள்வித்தாள், அப்புறம் கண்ணு காது சரியா இருக்கா, நல்லா தூங்கறானா, படிக்கறதுல எழுத்தே தகராறா, வீட்ல ஏதாவது பிரச்சனையான்னு துருவித் துருவி கேட்டாங்க. ஏன்னா இதுல எது சரியில்லன்னாலும் புள்ள கவனம் இல்லாத மாதிரிதான் தெரியும். டிஎஸ்எம் 5ன்னு 2013ல வந்த, மனநல டாக்டருங்க பாக்கற வழிகாட்டிதான் நெறைய எடத்துல அளவுகோல். கவனம் சம்பந்தமா 9 அறிகுறி, துறுதுறுப்பும் அவசரமும் சம்பந்தமா 9 அறிகுறி, ஏதாவது ஒரு பக்கத்துல குறைஞ்சது 6 இருக்கணும், 6 மாசமாவது நீடிச்சிருக்கணும், 12 வயசுக்கு முன்னாடியே தலைகாட்டியிருக்கணும், முக்கியமா ரெண்டு எடத்துலயாவது தெரியணும். வீட்ல மட்டும் ஆட்டம், மத்த எடத்துல எல்லாம் சமத்துன்னா காரணத்த வேற எங்கயாவது தேடணும்.

இன்னொன்னு, இந்த பேர கேட்டாலே எல்லாரும் சோபா மேல ஏறி குதிக்கற பையனத்தான் நெனைக்கறாங்க. ஜன்னல் பக்கம் உக்காந்து யாருக்கும் தொந்தரவு குடுக்காம எங்கயோ மெதந்துக்கிட்டு இருக்கற பொண்ணுக்கும் இதே பேருதான். தொந்தரவு குடுக்காததாலயே அந்த மாதிரி புள்ளைங்க பல வருஷம் யார் கண்ணுலயும் படறதில்ல, "நல்ல பொண்ணு, என்ன, கொஞ்சம் கனவு காணுது"ன்னு ரிப்போர்ட்ல எழுதிட்டு விட்டுடறாங்க.

டாக்டர் "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா"ன்னு கேட்டதும் கூட வந்த எங்கம்மா சிரிச்சுட்டாங்க. "இவன் ஸ்கூல் படிக்கறப்ப தொலைச்ச குடைய எல்லாம் சேத்து வெச்சிருந்தா ஒரு கடையே போட்டிருக்கலாம்"னு. இரட்டையர்கள வெச்சு பண்ண ஆராய்ச்சிகள் எல்லாம் இதுல பரம்பரைக்கு 70ல இருந்து 80 சதவீதம் வரைக்கும் பங்கு இருக்குன்னு சொல்லுதாம். அதுவரைக்கும் "யார மாதிரி பொறந்திருக்கான் இவன்"னு கத்திக்கிட்டு இருந்தவன் நான்தான்.

எனக்கு உண்மையில கண்ணத் தொறந்தது ஒரே ஒரு விஷயம். 2007ல வந்த ஒரு மூளை ஆராய்ச்சி. நம்மள அடக்கி ஆளறது, திட்டம் போடறது இதெல்லாம் பாக்கற பகுதி இருக்கற மூளையோட மேல் அடுக்கு, மத்த புள்ளைங்களுக்கு சராசரியா ஏழரை வயசுல ஒரு கட்டத்த எட்டுதுன்னா ஏடிஹெச்டி இருக்கற புள்ளைங்களுக்கு பத்தரை வயசுல எட்டுது. வளர்ற வழி அதேதான், வண்டிதான் மூணு வருஷம் லேட்டு. சராசரிதான் இது, ஒவ்வொரு புள்ளைக்கும் அளந்து சொல்ற கணக்கு இல்ல. ஆனா எனக்கு அது போதுமா இருந்துச்சு. ஆறு வயசு புள்ளைகிட்ட "நாளைக்கு வேண்டியத நீயே பேக்ல எடுத்து வெச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு நம்ம போய் படுப்பமா? உயரம் 9 வயசுக்கு இருக்கேங்கறதுக்காக நான் அதத்தான் பண்ணிக்கிட்டு இருந்தேன்.

அதுக்கப்புறம் ஒரு நாள் ராத்திரி சும்மா கேட்டு பாத்தேன், காலைல எந்திரிச்சா என்னென்ன செய்யணும்னு. பல்லு தேய்க்கணும், குளிக்கணும், யூனிஃபார்ம், பேக்ல டைரி, தண்ணி பாட்டில், சாக்ஸ், ஷூ, ஒண்ணு விடாம வரிசையா ஒப்பிச்சான். அப்ப தெரியாம இல்ல. தெரிஞ்சது அந்த காலைல, அந்த எறும்பு முன்னாடி, ஞாபகத்துக்கு வரல. அப்ப நான் ராத்திரி உக்கார வெச்சு பண்ற உபதேசமும், செவ்வாக்கெழம பண்ண தப்புக்கு சனிக்கெழம டிவி கட் பண்றதும் யாருக்கு பண்ணிக்கிட்டு இருக்கேன்? உதவி எங்க வேணுமோ அங்க இருக்கணும், அந்த நிமிஷத்துல இருக்கணும். நாங்க வீட்ல மாத்துனது எல்லாமே இந்த ஒரு விஷயத்துல இருந்து வந்ததுதான்.

வாசக்கதவுல அவன் கண்ணு மட்டத்துக்கு ஒரு அட்டை. எழுத்து இல்ல, போட்டோ. அவனே பேக் மாட்டிக்கிட்டு நிக்கறது, அவனே பாட்டில் புடிச்சுக்கிட்டு நிக்கறது, அவனே ஷூ போட்டுட்டு கால தூக்கி காட்டறது. மொத்தம் அஞ்சுதான். மொதல்ல உற்சாகத்துல பன்னெண்டு ஒட்டினேன், பாத்துட்டு "அப்பா இது யாரு கல்யாண ஆல்பம்"னு கேட்டுட்டு போய்ட்டான்.

அப்புறம் டைமர். "இன்னும் பத்து நிமிஷந்தான் இருக்கு"ன்னா அவனுக்கு அது ஒண்ணுமே இல்ல, பத்து நிமிஷமும் ஒரு மணி நேரமும் அவனுக்கு ஒரே "அப்புறம்"தான். சிவப்பு வட்டம் கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சுக்கிட்டே வர்ற டைமர் ஒண்ணு இருக்கு, நேரம் கரையறது கண்ணுக்கு தெரியும். அத ஷூ பக்கத்துல வெச்சோம். ஹால்ல வெச்சிருந்தப்ப வேலைக்கு ஆகல, எறும்பு இருக்கறது ஷூ பக்கத்துலதானே.

சொல்ற விதத்தையும் மாத்திக்க வேண்டியதா இருந்துச்சு, அதான் எனக்கு ரொம்ப கஷ்டம். கிச்சன்ல இருந்து கத்தி மூணு வேலை ஒண்ணா சொல்றது வழக்கமா போச்சு நமக்கு. இப்ப கிட்ட போய், தோள்ல கை வெச்சு, அவன் என்ன பாத்ததுக்கு அப்புறம் ஒரே ஒரு வேலை சொல்லி, "என்ன சொன்னேன்?"னு கேட்டு அவன் வாயால வந்ததும்தான் நகர்றேன். பத்து தடவ கத்தறத விட இது நேரம் கம்மிதான், ஆனா அந்த கோவம் வர்ற நேரத்துல எந்திரிச்சு நடந்து போக மனசு வரணுமே.

ஹோம்வொர்க் கதை தனி. ஒரு தடவ கணக்கு நோட்டுல ரெண்டு மணி நேரம் அழுது பொரண்டு இருபது கணக்கும் போட்டு முடிச்சான். மூணு வாரம் கழிச்சு டீச்சர் "ஒரு ஹோம்வொர்க்கும் வரல"ன்னு சொல்றாங்க. பேக்க கவுத்து கொட்டினேன். அடியில பென்சில் சீவுன தூள், மூடி இல்லாத ஸ்கெட்ச் பேனா நாலு, ஒரு கூழாங்கல்லு, அதுக்கெல்லாம் கீழ பாய் மாதிரி நசுங்கி கெடக்கு அந்த பேப்பர், இருபது கணக்கும் சரி. செஞ்சத குடுக்கறதும் ஒரு தனி வேலைன்னு அன்னைக்குதான் எனக்கு புரிஞ்சுது. இப்ப ஒரே ஒரு ஆரஞ்சு கலர் ஃபைல், குடுக்க வேண்டியது எதுவா இருந்தாலும் அதுக்குள்ள, கிளாஸ்க்குள்ள நுழையும்போதே டீச்சர் "ஆரஞ்சு"ன்னு ஒரு வார்த்த சொல்வாங்க, அவன் எடுத்து குடுத்துடுவான். நாலு எழுத்து, மூணு வாரம் திட்டினது செய்யாதத செஞ்சுது.

வீட்ல எழுதறப்ப பன்னெண்டு நிமிஷம் எழுத்து, அப்புறம் ஓடலாம், குதிக்கலாம், திரும்ப பன்னெண்டு. நின்னுக்கிட்டே எழுதினாலும் சரி. நான் பக்கத்துல உக்காந்து என் வேலைய பாப்பேன், சொல்லி எல்லாம் தர மாட்டேன், ஆள் இருந்தாலே ஓடுது. எழுந்து போய்ட்டா பென்சில் ராக்கெட் ஆயிடும்.

டீச்சர் விஷயத்துல ரெண்டு விதமும் பாத்துட்டோம். ஒருத்தங்க டைரில "சோம்பேறி, முயற்சி இல்ல"ன்னு செவப்பு மையில எழுதி அனுப்பினாங்க, அத அவனே படிச்சு எனக்கு காட்டினான். பேர் வேணாம், விடுங்க. அடுத்த வருஷம் வந்தவங்க ஒரு சின்ன கார்டு போட்டாங்க. தினமும் மூணே மூணு விஷயம். கை தூக்கிட்டு பேசறது, வேலை குடுத்ததும் ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஆரம்பிக்கறது, ஆரஞ்சு ஃபைல். "நல்லா நடந்துக்கணும்"னு போடல பாருங்க, அது எண்ணக்கூடிய விஷயமே இல்ல. சாயங்காலம் கார்டு வந்ததும் அன்னைக்கே பரிசு, என்கூட அரை மணி நேரம் கேரம். மாசக் கடைசில சைக்கிள்னு எல்லாம் சொன்னா அது அவனுக்கு அடுத்த ஜென்மம். முன் பெஞ்ச், ஜன்னல தள்ளி, நடுவுல போர்டு அழிக்கறது, ஸ்டாஃப் ரூமுக்கு நோட்டு தூக்கிட்டு போறதுன்னு எழுந்து நடக்க ஒரு சாக்கு. இதுல எதுக்கும் பெருசா செலவு இல்ல, மனசு வெச்சாங்க அவ்ளோதான்.

பரிசு ரெண்டு மூணு வாரத்துல புளிச்சுடும், மாத்திக்கிட்டே இருக்கணும். நடுவுல எங்க சின்னவ வந்து "நான் தினமும் நானாத்தான் ஷூ போடறேன், எனக்கு யாரு ஸ்டார் குடுத்தீங்க"ன்னு நின்னா. நியாயமான கேள்வி. அவளுக்கும் ஒரு கார்டு போட்டோம், அவளோட பிரச்சனை வேற, அத எழுதினா என்ன கொன்னுடுவா.

சொந்தக்காரங்க எல்லாரும் மொதல்ல சொன்னது இனிப்ப நிறுத்துன்னு. 1994ல ஒரு சோதனை, எல்லா பசங்களுக்கும் சர்க்கரையே இல்லாத செயற்கை இனிப்பத்தான் குடுத்தாங்க, ஆனா பாதி அம்மாங்ககிட்ட மட்டும் "நெறைய சர்க்கரை குடுத்திருக்கோம்"னு சொன்னாங்க. அந்த அம்மாங்கதான் "இவன் ரொம்ப ஆடறான்"னு கூடுதலா மார்க் போட்டாங்களாம். இனிப்பு கம்மியா சாப்பிடறது பல்லுக்கு நல்லது, அதுக்காக பண்ணுங்க. ரெண்டாவது, "கேம்னா மட்டும் ரெண்டு மணி நேரம் அசையாம உக்கார்றானே". ஆமா, அது வினாடிக்கு ஒரு தடவ பரிசு குடுக்குது, கணக்கு நோட்டு குடுக்குதா? கவனமே இல்லாதவன் இல்ல அவன், வேண்டிய எடத்துக்கு கவனத்த திருப்பி விடற கைப்பிடிதான் அவன்கிட்ட லூசா இருக்கு.

மருந்து. இதுல நாங்க நாலு மாசம் தள்ளிப்போட்டோம், தூங்கி வழிவான், பழகிடும், என்னென்னமோ பயம். இதுக்கு குடுக்கற மெத்தில்ஃபெனிடேட்ங்கறது 1944லயே கண்டுபிடிச்ச மருந்து, தூங்க வைக்கற மருந்தும் இல்ல, ஸ்டிமுலன்ட் வகை, அதாவது மூளைய தட்டி எழுப்பற வகை. 6 வயசுக்கு கீழன்னா மொதல்ல பெத்தவங்களுக்குத்தான் பயிற்சி, அதுக்கு மேலன்னா பயிற்சியும் மருந்தும் சேத்துன்னு எங்க டாக்டர் சொன்னாங்க. அவனுக்கு மதியம் பசி கொறஞ்சுது, அதனால சாப்பாட்ட காலைலயும் ராத்திரியும் கனமா மாத்திக்கிட்டோம். தூக்கம் வர கொஞ்சம் நேரம் ஆகுது. எடை, உயரம், பிபி எல்லாம் பாத்துக்கிட்டே இருக்காங்க. எல்லாருக்கும் தேவப்படாது, அளவு எல்லாம் டாக்டர்தான் சொல்லணும், என்கிட்ட கேக்காதீங்க. எனக்கு தெரிஞ்ச வித்தியாசம் இதுதான்: கதவுல இருக்கற அட்டை அவன் கண்ணுல படுது. ஷூவ மருந்து போட்டு விடல, அவனேதான் போடறான்.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு நெனச்சுடாதீங்க. போன மாசம் ஆஃபீஸ் டென்ஷன்ல வந்து, தொலைஞ்ச ஜாமெட்ரி பாக்ஸுக்காக வீடே அதிர கத்தினேன். அவன் அழல, எதுத்தும் பேசல. படுக்கப் போறப்ப வந்து "அப்பா, நான் மறக்கணும்னு மறக்கலப்பா"ன்னான். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. "தெரியும்டா, அப்பா கத்துனது தப்பு"ன்னு சொல்லிட்டு லைட்ட அணைச்சேன், ரொம்ப நேரம் தூக்கம் வரல எனக்கு.

தண்ணி பாட்டில் மட்டும் இன்னும் எங்களுக்கு பிடிபடல. பேர் எழுதி பாத்தாச்சு, பேக்ல கட்டி பாத்தாச்சு, கட்டின கயிறு வருது, பாட்டில் வரல. இப்ப ஒரே மாடல்ல நாலு வாங்கி அடுக்கி வெச்சிருக்கேன், ஒண்ணோட மூடி தொலைஞ்சாலும் இன்னொண்ணோட மூடி சேரும்ல. நேத்து நிலவரம், மூணு பாட்டில், ரெண்டு மூடி.