லேட்டாக வந்த பெண்

போன சனிக்கிழமை கோரிப்பாளையத்தில் மாட்டி, ஏ.வி. பாலத்தில் ஊர்ந்து, சிம்மக்கல்லில் இருக்கும் டான்ஸ் கிளாசுக்கு மகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது இருபது நிமிடம் லேட். மிஸ் திட்டவில்லை, தட்டுக்கழியை நிறுத்திவிட்டு ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், பிள்ளை முகம் சுண்டிப்போய்க் கடைசி வரிசையில் அரைமண்டி போட்டு நின்றது. நான் வாசற்படியில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ‘செரனேட்’ என்ற பாலே நடனம் கண்ணில் பட்டது.

பாலே என்றால் ரஷ்யா, பிரான்ஸ் என்றுதான் நினைத்திருந்தேன். இது அமெரிக்காவில் உருவானது. லிங்கன் கர்ஸ்டீன் என்ற 26 வயதுப் பணக்கார வீட்டுப் பையன், நம் ஊருக்கென்று ஒரு பாலே வேண்டும் என்று 1933இல் ஜார்ஜ் பாலன்சீனை அழைக்கிறார். பாலன்சீன் பீட்டர்ஸ்பர்க்கில் படித்து, சோவியத்தை விட்டு வெளியேறி ஐரோப்பாவில் அலைந்துகொண்டிருந்தவர். வருகிறேன், ஆனால் முதலில் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்றாராம். குழு, அரங்கம் எல்லாம் அப்புறம். 1934 ஜனவரியில் நியூயார்க் மேடிசன் அவென்யூவில் பள்ளி திறந்தது. அவர்கள் குழுவுக்கு நியூயார்க் சிட்டி பாலே என்ற பெரிய பெயர் வர 1948 ஆகிவிட்டது.

அந்த மாணவிகளுக்காக அவர் அமைத்ததுதான் செரனேட், இசை சாய்கோவ்ஸ்கியுடையது. முதல் நாள் 17 பெண்கள் வந்தார்கள், 17 பேரை நிற்கவைத்தார். அடுத்த நாள் 9 பேர், அதற்கடுத்த நாள் 6 பேர், வந்தவர்களை வைத்து அடுத்த பகுதியைச் செய்தார். ஒரு பெண் விழுந்து அழுதாள், அதையும் உள்ளே வைத்தார். ஒருத்தி லேட்டாக வந்தாள், அவளும் உள்ளே. இன்றைக்கும் முதல் பகுதி முடிகிற இடத்தில் எல்லோரும் வலது கையை உயர்த்தி நிற்க, ஒருத்தி மட்டும் இடம் தேடி நடந்து வந்து நின்று, மெதுவாகக் கையைத் தூக்குகிறாள். நான் இதை நாலு முறை ஓட்டிப் பார்த்தேன். உள்ளே மிஸ் ‘தையா தை’ போட்டுக்கொண்டிருந்தார்.

பாலன்சீன் பிறந்தது 1904 ஜனவரியில். அதே ஆண்டு பிப்ரவரி 29 அன்று நம் மதுரையில் பிறந்தவர் பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி. ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவைப் பார்த்து மயங்கி முதலில் பாலேதான் கற்றார், உன் நாட்டுக் கலையைப் போய்ப் பார் என்று அந்தம்மாவே திருப்பிவிட்டார். 1936இல் கலாக்ஷேத்ரா. அங்கேயும் பள்ளிதான் முதலில். தேவதாசிகள் ஆடிவந்த பரதத்தை வாங்கி யார் கையில் கொடுத்தார்கள் என்ற சண்டை நம் பக்கம் இன்னும் ஓயவில்லை, ஓயவும் கூடாது.

அமெரிக்காவிலும் யார் ஆடலாம் என்பது லேசில் தீரவில்லை. ஒசேஜ் என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த பாலே நடனக் கலைஞர் மரியா டால்சீஃபிடம் பெயரை ரஷ்யப் பெயர் மாதிரி ‘டால்சீவா’ என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், அவர் மாட்டேன் என்றார். பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கே லிட்டில் ராக் என்ற ஊரில் ராணுவம் வந்த 1957இல்தான் பாலன்சீனின் ‘அகோன்’ என்ற பாலே அரங்கேறியது, அதில் கறுப்பரான ஆர்தர் மிச்சலையும் வெள்ளையரான டயானா ஆடம்ஸையும் ஜோடியாக, உடலோடு உடல் பின்னி ஆடவிட்டார் பாலன்சீன். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட மறு வருடம், 1969இல், மிச்சல் ஹார்லெமில் தன் நடனக் குழுவைத் தொடங்கினார், அதுவும் பள்ளியோடு சேர்த்தே.

முழங்காலை வெளிப்பக்கம் திருப்பி நிற்பது பாலேக்கும் நமக்கும் பொது. அவர்கள் அங்கிருந்து விரல் நுனிக்கு எழும்புகிறார்கள், நம் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து தரையை அடிக்கிறார்கள்.

வண்டியில் திரும்பும்போது மகளிடம் லேட்டாக வந்த பெண்ணின் கதையைச் சொன்னேன். “அப்ப அடுத்த வாரமும் லேட்டாவே போலாமாம்மா?” என்றாள். நாலரைக்கே கிளம்புவதாக இருக்கிறோம். எங்கள் மிஸ் பாலன்சீன் கிடையாது.