தாடையோடு வந்த சீட்டு

சென்ற தை மாதம், எங்கள் கொங்குப் பகுதியில் உள்ள ஒரு சிறிய காட்சியகத்தின் பின்னறையில் பழைய அட்டைப்பெட்டி ஒன்றைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவன் என்பதால், எலும்புகளைப் பிரித்துப் பட்டியலிட உதவுமாறு கேட்டிருந்தார்கள். நாளிதழ்த் தாளில் சுற்றிய மனிதக் கீழ்த்தாடை ஒன்றும், தொடையெலும்புத் துண்டுகளும், கருப்பு சிவப்புப் பானை ஓடுகள் சிலவும் உள்ளே இருந்தன. கல்லில் அரைத்த தானியத்தோடு கல்தூளையும் சேர்த்து மென்றவரின் பற்களைப் போல, மூன்று கடைவாய்ப் பற்கள் தட்டையாகத் தேய்ந்திருந்தன. எலும்பின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு பளபளப்பு. உதிர்ந்துவிடக் கூடாதே என்று யாரோ நல்லெண்ணத்தில் வார்னிஷ் பூசியிருக்கிறார். நூலில் கட்டியிருந்த சீட்டில் ‘ஆண்’ என்ற ஒரு சொல்தான் மிச்சம். ஊர்ப் பெயர் இருந்த பகுதியைப் பூச்சி அரித்திருந்தது.

அந்த ‘ஆண்’ என்பதை எப்படி முடிவு செய்தார்கள் என்பதே எனக்கு எழுந்த முதல் கேள்வி. இடுப்பெலும்பு இல்லாமல் தாடையின் பருமனை மட்டும் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் ஊகம்தான். இன்று பல்லின் எனாமலைச் சிறிதளவு அமிலத்தால் கரைத்து, அதிலுள்ள அமெலோஜெனின் என்னும் புரதத்தின் எக்ஸ், ஒய் வடிவங்களைப் பிரித்தறிய முடியும்; ஒய் வடிவம் ஆண்களிடம் மட்டுமே இருக்கும். 2017இல் வெளிவந்த இந்த முறையில் பல்லுக்கு ஏற்படும் சேதம் மிகக் குறைவு; டி.என்.ஏ. சிதைந்துபோன பின்னும் புரதம் நிலைக்கும் என்பதால், நம் ஊர் வெயிலுக்கு இதுவே பொருத்தமானது. ஹரியானாவில் உள்ள சிந்துவெளி நாகரிகத் தளமான ராக்கிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தும் ஒரே ஒருவரின் மரபணுத் தொகுதிதான் கிடைத்தது என்று 2019இல் அறிவித்தார்கள். காதின் உட்பகுதியைச் சூழ்ந்திருக்கும் கல் போன்ற எலும்பில்தான் டி.என்.ஏ. ஓரளவு தங்கும். ஓர் ஆளுக்கு அது இரண்டே இரண்டு. துளையிட்டு ஒன்றும் கிடைக்காமல் போனால், போனது போனதுதான்.

சுவீடனில் பிர்கா என்னும் இடத்தில் 1878இல் தோண்டிய வைக்கிங் காலக் கல்லறை ஒன்றில் வாளும் ஈட்டியும் இரண்டு குதிரைகளும் இருந்ததால், அங்கே புதைக்கப்பட்டவர் ஆண் வீரர் என்றே நெடுங்காலம் கருதினார்கள். 2017இல் மரபணு ஆய்வு அவரைப் பெண் என்று காட்டியதும், எலும்புகள் கிடங்கில் மாறிப் போயிருக்கலாம் என்ற ஐயம் கிளம்பியது. அந்த ஐயத்துக்கு எதிரே ஆய்வாளர்கள் காட்டிய சான்றுகளில் முக்கியமானது, எலும்புகளின் மேலேயே குறிக்கப்பட்டிருந்த கல்லறை எண். எத்தனை நவீனமான கருவியாக இருந்தாலும், அது சொல்லும் விடை எந்தக் குழிக்கு உரியது என்பதைப் பழைய மசிதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வார்னிஷுக்கு வருகிறேன். கார்பன் காலக்கணிப்புக்கு முன்பு எலும்பைக் கைப்பிடியாக அள்ளித் தர வேண்டியிருந்தது. இப்போது ஒரு கிராமுக்கும் குறைவாகவே போதும். ஆனால் அரக்கிலிருந்து செய்த வார்னிஷில் அண்மைக் காலக் கார்பன் இருப்பதால், அது சரியாக நீங்காவிட்டால் எலும்பு உண்மையைவிட இளமையாகத் தோன்றும். பெட்ரோலியத்திலிருந்து வந்த பிசினாக இருந்தால், நேர்மாறாக, கூடுதல் பழமை காட்டும். எதைப் பூசினார்கள் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் கழுவும் முறையைத் தேர்வது எளிது. அந்த ஒரு வரிதான் இல்லை.

எனக்கு உள்ளூர ஆசை ஒன்று உண்டு. நொய்யல் கரையில் உள்ள சங்ககால ஊரான கொடுமணலில், சூதுபவளம் என்னும் சிவந்த கல்லில் செய்த மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. பச்சைக்கல் பக்கத்துப் படியூரில் கிடைக்கும், சூதுபவளமோ குஜராத் பக்கமிருந்து வந்தது என்பார்கள். கல்லோடு கல் அறுப்பவரும் வந்தாரா? குழந்தைப் பருவத்தில் உருவாகும் எனாமலில், அப்போது குடித்த நீரும் உண்ட உணவும் தந்த ஸ்ட்ரான்சியம் என்னும் தனிமம் தங்கிவிடுகிறது. அதன் ஐசோடோப்புகளின், அதாவது எடை வேறுபட்ட அணுக்களின், விகிதம் பாறைக்குப் பாறை வேறுபடும். ஆகவே ஒருவர் வளர்ந்த மண் எது என்று பல்லைக் கேட்கலாம். ஆனால் அதற்குப் பல் எந்தக் குழியிலிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டுமே!

கிணறு வெட்டும்போது தாழி வந்தால், “அது பாண்டவங்க குழி சாமி, கை வெக்கப்படாது” என்பார் எங்கள் அப்பாரு. அவர் அஞ்சி விட்டுவைத்தவை இன்னும் இருந்த இடத்தில் இருக்கின்றன. நாம் ஆர்வத்தோடு எடுத்து வந்தவற்றுக்குத்தான் ஊர் இல்லாமல் போயிற்று.

ஆதிச்சநல்லூரில் எடுத்த மண்டையோடுகளை 1930இல் உடற்கூறியலாளர் சக்கர்மேன் அளந்து ஆராய்ந்தபோது, மண்டையின் அளவைக் கொண்டு இனத்தை வகுப்பதே அறிவியலாக இருந்தது. இன்று அந்த வகைப்பாட்டை யாரும் ஏற்பதில்லை. அளவுகளும் ‘எங்கே, எந்தத் தாழியில்’ என்ற குறிப்புகளும் மட்டும் இன்றும் பயன்படுகின்றன.

ஆகவே அந்தக் காட்சியகத்தாரிடம் எந்த மாதிரியும் எடுக்க வேண்டாம் என்றேன். எலும்பைத் தொடாமல் பல்வேர் வரை காட்டும் சி.டி. ஸ்கேனை முதலில் எடுக்கலாம்; அதுவரை நிழற்படம், எடை, பதிவேடு. ‘ஆண்’ என்பதை அழிக்காமல், பக்கத்தில் ‘பழைய சீட்டின்படி’ என்று சேர்த்தோம். உதவிக்கு வந்த பையன் நாளிதழ்த் தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடப் போனான். வாங்கி விரித்துப் பார்த்தேன். தேதியும் ஆண்டும் கிழிந்திருந்தன. ஓரத்தில் கண்ணபுரம் மாட்டுச்சந்தை அறிவிப்பு ஒன்று பாதி இருந்தது. சித்திரைத் தேரையொட்டிக் கூடும் சந்தை அது. அந்தத் தாளையும் ஓர் உறையில் இட்டு, தாடைக்குத் தந்த அதே எண்ணை அதன்மேல் பென்சிலில் எழுதி, பெட்டிக்குள் வைத்தோம்.