முன்னால் பிரிந்த காற்று

மலக்குடல் புற்றுக்கட்டியை வெட்டி, மிச்சக் குடலை ஸ்டேப்ளரால் பொருத்தி வீட்டுக்கு அனுப்பி ஐந்தாவது கிழமை. வெள்ளவத்தை வீட்டில் சோறு வடித்துக்கொண்டு நிற்கிறேன், காற்றுப் பிரிகிறது. முன்னால். மனப்பிரமை என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அதே வழியால் மலம் கசிந்தது.

இதை எந்தச் சொல்லால் சொல்வது? முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவள் நான், எனக்கே சொல் வரவில்லை. டொக்டர் சிங்களம் பேசுபவர். என்னிடம் இருந்தது சந்தைச் சிங்களம். மொழிபெயர்க்க வந்தவன் என் மகன். அவன் முன்னால் “வெள்ளைபடுது” என்பதோடு நிறுத்திக்கொண்டேன். கிரீம் தந்தார்கள். அடுத்த தடவையும் கிரீம்தான். ஒருவரும் துருவிக் கேட்கவில்லை என்ற கோபம் இன்றும் உண்டு. நானும் சொல்லவில்லையே, சரி.

பிறகு மச்சாளைக் கூட்டிப்போனேன். அவவுக்கு வெட்கம் கிடையாது. “மலம் பிறப்புவாசலால் வருது டொக்டர்” என்று சிங்களத்தில் போட்டுடைத்தா. டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

பின்னால் நீலச் சாயம் ஏற்றி, முன்னால் பஞ்சு வைத்தார்கள். பஞ்சு நீலமாக வந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், புற்று திரும்பவில்லை என்று உறுதிப்படுத்தத் துளி சதையும் எடுத்தார்கள். பிஸ்டுலா. குடல் பொருத்துக்கும் யோனிச் சுவருக்கும் இடையில் ஒரு பாதை. பொருத்து கசிந்து, சீழ் கட்டி, யோனிப் பக்கம் உடைத்தால் இப்படி வரும். ஸ்டேப்ளரில் யோனிச் சுவரும் சேர்ந்து கடிபட்டாலும் வரும். எனக்குக் கதிர்ச் சிகிச்சையும் நடந்திருந்தது; அப்படிப்பட்ட சதை லேசில் ஆறாது.

“உடனே தைத்துவிடுங்கோ” என்றேன். வீங்கி நொந்த சதையில் தையல் நிற்காதாம். முதலில் சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே எடுத்துப் பை போட்டு, மலத்தைத் திசைதிருப்ப வேண்டும். சிலருக்குச் சின்னத் துவாரம் அதோடு மூடிவிடும். எனக்கு மூடவில்லை.

அந்த நாலு மாதம்! கொழும்பு வியர்வையில் பையின் பசை இளகும். 100ஆம் இலக்க பஸ்ஸில் ஒரு கையால் பையைப் பொத்தியபடிதான் நிற்பேன். சிறுகுடலிலிருந்து வருவது தண்ணீராகவே போகும், உப்பும் சேர்ந்து போகும். இளநீர் காணும் என்று இருந்து ஒருநாள் தலைசுற்றி விழுந்தேன். அப்புறம் ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசலும் உப்புக்கஞ்சியும்.

பழுது பார்க்கப் பல வழி உண்டு. குடலின் உட்சுவரை மடலாக இழுத்து மூடலாம். பிறப்புறுப்பின் உதட்டிலுள்ள கொழுப்பை நடுவில் வைக்கலாம். சிலருக்குப் பழைய பொருத்தையே எடுத்துவிட்டுப் புதிதாகப் பொருத்துவார்கள். எனக்கு உள்தொடைத் தசை ஒன்றை, அதன் இரத்தக்குழாயை அறுக்காமல், உள்ளே திருப்பி வைத்தார்கள். துவாரத்துக்கு ஏன் தொடையை வெட்ட வேண்டும் என்று கேட்டேன். குடல் பக்கத் தையலும் யோனிப் பக்கத் தையலும் ஒன்றையொன்று தொடாமல், நடுவில் இரத்தமோடும் சதை கிடந்தால்தான் ஆறுமாம். ஒரே தடவையில் சரிவரும் என்று அவர் சத்தியம் பண்ணவில்லை; இரண்டு மூன்று தடவை செய்தவர்களும் உண்டு.

மூன்று மாதம் கழித்துச் சாய எக்ஸ்ரேயில் கசிவில்லை. பையை எடுத்து, வெளியே இருந்த குடலை உள்ளே வைத்து மூடினார்கள். வாட்டில் மூன்றாம் நாள் விடியக் காற்றுப் பிரிந்தது. மச்சாளுக்குத்தான் முதல் போன்.

“எந்தப் பக்கம்?” என்று கேட்டா.