டிஸ்க் நிறைகிற வாரம்

மார்ச் 3, செவ்வாய்
காலையில் டிஸ்க் 78 சதவீதம். நேற்று 74. எங்கள் டேட்டாபேஸின் நகலாக ஓடும் ரெப்ளிகா சர்வர் நின்றுவிட்டது. அது திரும்ப வந்து கேட்கும் என்று மூல சர்வரான ப்ரைமரி பழைய வால் கோப்புகளை (WAL, டேட்டாபேஸின் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதிவைக்கும் பதிவு) அழிக்காமல் சேர்த்துக்கொண்டே போகிறது. ரெப்ளிகாவுக்காக அவற்றைப் பிடித்துவைக்கும் ஸ்லாட்டை எடுத்துவிடலாமா என்று மேனேஜருக்கு மெயில் போட்டேன். அவர் ஒப்புதல் இல்லாமல் ப்ரொடக்‌ஷனில் கை வைக்கக் கூடாது.

மார்ச் 4
பதில் இல்லை. 81.

மார்ச் 5, வியாழன்
மீட்டிங் நாற்பது நிமிடம். "ரெப்ளிகாதான் இருக்கே, அப்புறம் எதுக்குத் தனியா பேக்கப்?" என்று கேட்டார். ப்ரைமரியில் யாராவது தவறி ஒரு டேபிளை அழித்தால், அடுத்த நொடியே ரெப்ளிகாவிலும் அது போய்விடும் என்றேன். தலையாட்டினார். புரிந்த தலையாட்டலாகத் தெரியவில்லை.

இரண்டு வருடமாக இந்த டீம் அவர் கையில். தெரியாதது தப்பே இல்லை, எனக்கும் ஒரு காலத்தில் தெரியாதுதான். கேட்டிருந்தால் கால் மணி நேரத்தில் படம் போட்டுச் சொல்லியிருப்பேன். கேட்காமலே முடிவெடுக்கிறாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் நடந்ததைச் சொன்னேன். ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப் எடுக்கும் ப்ரோகிராம் பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்தது, யாருக்கும் தெரியவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறு வேலைக்காக எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. நாம் கடைசியாக பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்து பார்த்தது எப்போது என்று கேட்டேன். "அடுத்த வாரம் பேசலாம்."

மார்ச் 7, சனி
88. அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவே இல்லை.

மார்ச் 9, திங்கள்
வால் கோப்புகளைப் பற்றி, "லாக்தானே, அழிச்சிடுங்க" என்றார் மேனேஜர்.

அது வெறும் நிகழ்வுக் குறிப்பான லாக் இல்லை. நாங்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸான போஸ்ட்கிரஸில், வால் கோப்புகள் இருக்கும் டைரக்டரிக்கு முன்பு பிஜி_எக்ஸ்லாக் என்று பெயர். லாக் என்று நினைத்து அழித்து, டேட்டாபேஸையே இழந்தவர்கள் உண்டு. அதனால்தான் 2017இல் வந்த பத்தாம் பதிப்பில் பிஜி_வால் என்று பெயரை மாற்றினார்கள். இதையெல்லாம் பொறுமையாகத்தான் சொன்னேன். "நீங்க எல்லாத்தையும் சிக்கலாக்குறீங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ராத்திரி முழுக்க அந்த வாக்கியம்தான்.

ஸ்லாட்டுக்கு இன்னும் பதில் இல்லை. 92.

மார்ச் 10, செவ்வாய்
94. உள்ளே இருப்பது ரத்தப் பரிசோதனை முடிவுகள். யாரோ ஒருவர் ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வரிசையில் நின்று கொடுத்தது. மேனேஜருக்கு அது ஒரு சதவீதக் கணக்கு.

இரவு 11.40
ஷிஃப்டில் இருக்கும் தம்பி புதியவன். பிஜி_வாலைத் தொடாதே என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். சரிண்ணா என்றான். மேனேஜர் அவனுக்குத் தனியாக ஏதாவது மெயில் அனுப்பியிருக்கிறாரா என்று கேட்க மறந்துவிட்டேன். இப்போது கூப்பிட்டால் எடுக்க மாட்டேன் என்கிறான்.