திங்வெட்லிர்: ஒரு சொல்லைத் தேடிப் போன இடம்

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். ‘கோல்டன் சர்க்கிள்’ என்ற சுற்றுலாச் சுற்றுப் பேருந்தில் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டு கண்டத்தட்டுகள் பிரியும் பிளவைப் பார்க்கத்தான் இங்கே இறங்குகிறார்கள். நான் இறங்கியது ஊர்ப்பெயருக்காக.

வெட்லிர் என்றால் வெளி, திடல். திங் என்றால் சபை. ஆங்கிலத்தில் எதற்கெடுத்தாலும் ‘திங்’ என்கிறோமே, ஜெர்மன்காரர் ‘டிங்’ என்கிறாரே, எல்லாம் இதே சொல்தான். இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான மூல ஜெர்மானியத்தில் இதன் வடிவம் ‘திங்க’ என்பது மாதிரி இருந்திருக்கும் என்று மொழியியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். எழுத்துச் சான்று இல்லாததால் முன்னால் ஒரு நட்சத்திரக்குறி போடுவார்கள். வழக்கொழிந்துபோன ஜெர்மானிய மொழியான கோதிக்கில் இதன் உறவுச்சொல்லுக்குக் ‘காலம்’ என்று பொருள். ஆக, முதலில் குறித்த நேரம், அப்புறம் அந்த நேரத்தில் கூடும் சபை, பிறகு சபைக்கு வரும் வழக்கு, கடைசியில் ஏதோ ஒரு சாமான்!

அல்மன்னக்யாவ் பிளவுக்குள் நடைபாதை இறங்குகிறது. பக்கத்தில் கன்னங்கரிய எரிமலைப் பாறைச் சுவர், இடுக்கெல்லாம் பாசி. சற்றுத் தள்ளி ஒரு கொடிக்கம்பம். சட்டப்பாறை இருந்ததாகக் கருதப்படும் இடம் அதுதான். 930 முதல் கோடைதோறும் நாடே இங்கே கூடியது. சட்டம் ஏட்டில் ஏறாத காலம். ‘சட்டம் சொல்பவர்’ பாறையில் நின்று வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்காக, மூன்று வருடத்தில் மொத்தச் சட்டத்தையும் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். நம் வழிகாட்டிகள் கையில் மைக் இல்லாமல் பத்து நிமிடம் பேசுவார்களா, சொல்லுங்கள்.

1000-ஆம் ஆண்டுவாக்கில் கிறிஸ்தவத்துக்கு மாறுவதா வேண்டாமா என்று சபை இரண்டுபட்டபோது, சட்டம் சொல்பவரான தோர்கெய்ர் ஒரு பகலும் இரவும் போர்வைக்குள் படுத்து யோசித்துவிட்டு ‘மாறலாம்’ என்றாராம். அவரே பழைய மதத்துக்காரர்!

இவ்வளவு புகழுக்கும் நடுவில் பாலத்தடியில் ஒரு மடு இருக்கிறது. பிற்காலத்தில் தண்டனை பெற்ற பெண்களை மூழ்கடித்த இடம். சட்டப்பாறைக்குக் கூடும் கூட்டம் இங்கே இல்லை.

சபை இப்போது ரெய்க்யவிக்கில் இருக்கிறது, பெயர் ஆல்திங். 1944 ஜூன் 17 அன்று குடியரசை அறிவிக்க இந்தத் திடலுக்கே வந்தார்கள். நார்வே நாடாளுமன்றமான ஸ்டோர்டிங், டென்மார்க் நாடாளுமன்றமான ஃபோல்கெட்டிங் இரண்டும் பெயரில் பங்காளிகள். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் இருக்கும் மேன் தீவின் நாடாளுமன்றம் டின்வால்ட், பெயரில் திங்வெட்லிருக்கு நேர் உடன்பிறப்பு. ஜூலையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் 5-ஆம் தேதியை (அது சனி, ஞாயிறில் வந்தால் அடுத்த திங்கட்கிழமையை) வைத்துத் திட்டமிடுங்கள். டின்வால்ட் அன்றைக்கு வெட்டவெளியில்தான் கூடும்.