மூடிய சூலகத்தைத் தேடி: கொடைக்கானலில் கைலென்ஸும் பிளேடும்

பூக்கும் தாவரங்களை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பூவின் நிறமோ மணமோ அன்று. பின்னால் விதையாகும் சூல்களை முழுவதுமாக உள்ளே அடைத்து வைத்திருக்கும் சூலகப்பைதான் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். அதை நேரில் பார்த்துவிடும் ஆவலில், கொடைக்கானலில் வீட்டைச் சுற்றிக் கிடைக்கும் செடிகளையும் மரங்களையும் கொண்டு செய்துவரும் சோதனைகளை இங்கே பதிவு செய்கிறேன். புதிய சவர பிளேடு, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் நுண்ணோக்கி ஆகியவற்றுக்கு மேல் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஃபோல்ட்ஸ்கோப் 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்பதால் மகரந்தத்துக்கு அதுவே போதும்.

பூக்காத மரத்திலிருந்து தொடங்குவதுதான் முறை என்று பட்டது. சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்ளும் பைன் காட்டில், காற்றில் ஒடிந்து விழுந்த கிளைகளில் இளம் பெண் கூம்புகள் கிடைக்கும். கூம்பின் செதில் ஒன்றை ஊசியால் மெல்லப் பின்னுக்கு வளைத்தால், அதன் மேற்புறத்தின் அடியில் இரண்டு சூல்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருப்பது கைலென்ஸில் தெளிவாகத் தெரிகிறது. அவற்றின் மேல் எந்த உறையும் இல்லை. காற்றில் வரும் மகரந்தம் செதில்களின் இடுக்கு வழியே நேராகச் சூலின் வாயிலுக்கே போய்ச் சேர்ந்துவிடும். அந்த மகரந்தத்தை ஃபோல்ட்ஸ்கோப்பில் வைத்தால், ஒவ்வொரு தூளின் இருபுறமும் காற்றுப்பை ஒன்று புடைத்திருப்பதைக் காணலாம்.

அடுத்து, ஓடைக்கரைகளில் மண்டிக்கிடக்கும் வெள்ளை ஆரம் லில்லியை எடுத்துக்கொண்டேன். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இச்செடியில் எல்லோரும் பூ என்று பறித்துச் செல்லும் வெள்ளைப் பகுதி இதழே அன்று, அது பூந்தண்டைச் சூழ்ந்திருக்கும் இலை போன்ற மடல். உண்மையான பூக்கள் நடுவிலுள்ள மஞ்சள் தண்டில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. மேற்பகுதியில் ஆண் பூக்கள், அடிப்பகுதியில் பெண் பூக்கள். ஒன்றுக்கும் இதழ் கிடையாது. ஆனால் அடியிலுள்ள பச்சை மணி ஒன்றைக் குறுக்கே வெட்டியபோது, சதைப்பற்றான சுவருக்குள் அறைகளும், அறைகளுக்குள் வெண்ணிறச் சூல்களும் இருந்தன. பிளேடு படாமல் அந்தச் சூல்களை வெளியிலிருந்து பார்க்க வழியே இல்லை. வாசலில் படரும் கிகூயு புல்லிலும் இதே கதைதான். அழகான பூவைத் தேடி அலைவதைவிட, பூவென்றே யாரும் மதிக்காத இவற்றை வெட்டுவதில்தான் பயன் அதிகம் என்பது என் கருத்து.

சூல் மூடப்பட்டுவிட்டால் மகரந்தம் உள்ளே போவதெப்படி? சூலகத்தின் உச்சியான சூலகமுடியில் ஒட்டிய மகரந்தத்தூள் ஒரு குழலை நீட்டி, அதற்குக் கீழுள்ள சூலகத்தண்டைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. இந்தக் குழலைப் பார்க்கக் காசித்தும்பையைவிட வசதியான பூ இல்லை. அதன் மகரந்தம் மிக விரைவாக முளைக்கக்கூடியது. காய்ச்சி ஆறிய 100 மில்லி நீரில் 10 கிராம் சர்க்கரையைக் கரைத்து, கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரைக் கடுகளவு சேர்த்தேன். போரான் இல்லாவிட்டால் குழல்கள் சரியாக வளராமல் நுனியிலேயே வெடித்துவிடுவது வழக்கம். அன்று காலை மலர்ந்த பூவின் மகரந்தத்தை ஒரு சொட்டில் உதறி, ஈரப் பஞ்சு வைத்த டப்பாவுக்குள் அடுப்படியின் வெதுவெதுப்பில் வைத்தேன், ஏனெனில் கொடைக்கானல் குளிரில் முளைப்பு மந்தமாகிவிடுகிறது. அரை மணி நேரத்திற்குள் நீள்வட்டத் தூள்களின் மூலையிலிருந்து கண்ணாடி போன்ற குழல்கள் கிளம்பிவிட்டன. சில குழல்கள் தூளின் நீளத்தைப்போல் பல மடங்கு வளர்ந்திருந்தன. உள்ளே துகள்கள் ஓடுவதையும் பார்க்க முடிந்தது.

அந்தக் குழல் கொண்டுசெல்லும் இரண்டு ஆண் செல்களை என் கருவியில் காண இயலாது. ஒன்று முட்டையுடன் சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று பெரும்பாலான செடிகளில் சூலின் உள்ளே நடுவிலுள்ள இரண்டு துருவ உட்கருக்களுடன் சேர்ந்து, கருவுக்கு உணவாகும் கருவூண் திசுவைத் தோற்றுவிக்கிறது. ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் 1898-இல் லில்லி இனச் செடிகளில் கண்டறிந்த இந்த இரட்டைக் கருவுறுதல் பூக்கும் தாவரங்களுக்கே உரிய தனி அடையாளம். பைன் விதையில் கருவுக்கு உணவாகும் திசு, கருவுறுதலுக்கு முன்பே பெண் பகுதியிலிருந்து உருவாகிவிடுகிறது. பூக்கும் தாவரமோ கருவுற்ற பிறகே கருவூண் திசுவை வளர்க்கத் தொடங்குகிறது. தேங்காய்க்குள் இருக்கும் நீரும் பருப்பும் இந்தக் கருவூண் திசுவே.

கருவூண் திசு உருவாகி மறைவதைப் படிப்படியாகப் பார்க்கப் பட்டாணி கிடைத்தது. பூம்பாறைப் பக்கம் பட்டாணி போட்டிருக்கும் அண்ணன் ஒருவரிடம் தட்டைப் பிஞ்சுகளைக் கேட்டபோது, “இதுல உரிக்க ஒண்ணும் இருக்காதே, தம்பி” என்றார். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். மிக இளம் விதையின் தோலை ஊசியால் குத்தியதும் தெளிந்த திரவம் துளிர்த்தது. அதுவே திரவ நிலையிலுள்ள கருவூண் திசு. அதற்குள் பச்சை நிறக் கரு ஒரு மூலையில் ஒடுங்கிக்கிடந்தது. சற்றுப் பருத்த காய்களின் விதைகளில் திரவம் குறைந்து, இரு விதையிலைகளும் பருத்து இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. சமையலுக்குப் பறிக்கும் பருவத்தில் திரவம் அறவே இல்லை, தோலுக்குள் விதையிலைகள் மட்டுமே. இதற்கு நேர்மாறாக, முதிர்ந்த பிறகும் கருவூண் திசுவை அப்படியே வைத்திருக்கும் ஆமணக்கு விதையை வத்தலக்குண்டுப் பக்கமிருந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அதை வெட்டினால், பருத்த வெண்ணிறத் திசுவின் நடுவே காகிதம்போல் மெல்லிய விதையிலைகள் தெரிய வேண்டும்.